சரிசெய்வதா, பிரித்துவிடுவதா

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கையும், மகளும் மாப்பிள்ளையும் சௌக்கியம். தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, காது எப்படி இருக்கிறது, இரண்டில் எது முன்னேறியிருக்கிறது என்று விவரமாக எழுதவும். காது முன்னேறியிருந்தால் இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லி முடித்திருப்பேன். போன தடவை "கண் ஆபரேஷன், கண் ஆபரேஷன்" என்று நான் நான்கு முறை கத்தியும், தாங்கள் "பெண்ணுக்கு ப்ரமோஷனா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் நான் அனுப்பிய அவசரக் கடிதத்தைத் தயவுசெய்து அடியோடு மறந்துவிடவும். "பிள்ளைகள் பிரியப் போகிறார்கள், எங்களையும் வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்கள், உடனே புறப்பட்டு வரவும்" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தாங்கள் அந்த ஒரு வரியில் இரண்டு ஒற்றுப்பிழைகளைக் கண்டுபிடித்து, சிவப்பு மையால் வட்டமிட்டு, "பெட்டி கட்டிவிட்டேன்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியது இன்று கிடைத்தது. பிழைகளை ஒப்புக்கொள்கிறேன். பெட்டியை அவிழ்த்துவிடவும். இந்த வீட்டில் யாரும் பிரியவில்லை. பிரியப் போவது ஒரு கம்ப்யூட்டர். அதுவும் இரண்டு மாதம் கழித்துத்தான்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். தங்கள் தங்கையின் இடது கண்ணில் புரை விழுந்து, அதைக் காட்டத்தான் நாங்கள் இரண்டு மாதமாக மகள் வீட்டில் இருக்கிறோம். இங்கே உள்ள கண் மருத்துவமனையில் நேரில் போய் நின்றால் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டரில் முன்பதிவு திறக்கும், எட்டேகாலுக்குள் அன்றைய இடங்கள் தீர்ந்துபோகும். நான் தினமும் ஏழு ஐம்பதுக்கே முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவேன். எட்டு மணிக்குப் பொத்தானை அமுக்குவேன். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். எட்டு ஐந்துக்கும் சுற்றும், எட்டு பத்துக்கும் சுற்றும், எட்டேகாலுக்கு "மன்னிக்கவும்" என்று ஒரு வார்த்தை வரும். பத்தொன்பது நாள் இப்படியே. இருபதாம் நாள் பொறுமை போய், "தங்கள் கருத்துகளை வரவேற்கிறோம்" என்று அதிலேயே இருந்த கட்டத்தில் எழுதிவிட்டேன்: "முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் எழுதுகிறேன். என் லிஃப்ட் இப்படி ஜனங்களை ஏற்றிக்கொண்டு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றிருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இதைச் செய்தவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்களா?"

இருந்தார்கள், மச்சான். எனக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் ஒரே ஆபீசில் சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள் என்று தெரியும். அந்த மருத்துவமனையின் முன்பதிவு அவர்கள் கையில்தான் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அன்று ஆபீசில் அவர்களுடைய மேலாளர் அம்மா, என் புகாரைப் பத்துப் பேர் முன்னால் உரக்கப் படித்துவிட்டு, "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வழி சொல்லுங்க. ஒரே ஒரு வழி. மெஷினை நிறுத்தி வேலை பாக்க மருத்துவமனை நமக்கு ஒரு சனிக்கிழமைதான் குடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டாராம்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. மகளுக்கு ஒரு வழி தோன்றியது, மாப்பிள்ளைக்கு வேறு வழி தோன்றியது. இப்போது எனக்கு ஓரளவு புரிந்ததைச் சொல்கிறேன், சிவப்பு மையை எடுக்காமல் படிக்கவும். கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. கட்டடம் கட்டுகிற இடத்தில் மேஸ்திரி நின்று, நீ கல் எடு, நீ கொஞ்சம் பொறு என்று ஆளாளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பார் அல்லவா, அதுபோல. வாசலில் எத்தனை பேரை நிற்கவிடலாம், யாருக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று அந்த மேஸ்திரியிடம் சில கணக்குகள் இருக்கின்றன. அந்தக் கணக்குகளை நம் கூட்டத்துக்குத் தகுந்தபடி திருத்தினால் போதும், இருக்கிற மெஷினே ஓடும் என்பது மகளின் கட்சி. அதற்குப் பெயர் கெர்னல் ட்யூனிங். மாப்பிள்ளையின் கட்சி வேறு. முன்பதிவு, ரிப்போர்ட், மருந்துப் பட்டியல் எல்லாம் ஒரே மெஷினில் முட்டி மோதுவதுதான் கோளாறு. ஒரே மெஷினுக்குள் ஐந்து மெஷின்கள் தனித்தனியாக இருப்பதுபோல் பாவனை செய்து பிரித்துவிட்டால், ஒன்று படுத்தாலும் மற்றவை நிற்கும் என்கிறார். இதற்குப் பெயர் விர்ச்சுவலைசேஷன். உள்ளே இருக்கும் பாவனை மெஷினை இவர்கள் கெஸ்ட் என்கிறார்கள். இந்தச் சொல்தான், மச்சான், என்னைக் கவிழ்த்தது.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று தெரியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நான் ஹாலில் மேசை விளக்கின் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் இருவரும் பேசினார்கள். ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். பல்பு மாற்றக் கொஞ்சம் நேரமாயிற்று, அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல அடைச்சு வச்சதுதான் தப்பு. பிரிச்சுடலாம். அப்பத்தான் நிம்மதி" என்றார் மாப்பிள்ளை.

"எடுத்த எடுப்புல பிரிக்கறதா? இருக்கறதைச் சரிபண்ண முடியுமான்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா?" என்றாள் மகள்.

"எத்தனை தடவை சரிபண்றது? இன்னிக்கு இங்க சரிபண்ணா நாளைக்கு வேற இடத்துல இடிக்கும்."

என் கையிலிருந்து பல்பு நழுவியது. நல்லவேளை, சோபாவில் விழுந்தது. கல்யாணமாகி மூன்று வருடம்கூட ஆகவில்லையே என்று நான் அப்படியே நிற்கும்போது மாப்பிள்ளையின் குரல் தொடர்ந்தது.

"கெஸ்ட்டைப் பத்திக் கவலைப்படாதே. கெஸ்ட்டுக்குத் தான் கெஸ்ட்டுங்கறதே தெரியாது. எல்லாம் தனக்கே சொந்தம்னு நெனச்சுக்கிட்டு சந்தோஷமா இருக்கும்."

"நெறைய தின்னுமே?"

"அளவாக் குடுத்தாப் போதும். கூடக் கேட்டாலும் குடுக்கக் கூடாது. ரொம்பத் தொல்லை பண்ணா அப்படியே தூக்கி வேற இடத்துக்கு மாத்திடலாம். மாத்தினதுகூட அதுக்குத் தெரியாது."

மச்சான், அதற்கு முந்தின நாள்தான் நான் இரண்டாவது கிண்ணம் சூப் கேட்டு வாங்கிக் குடித்திருந்தேன்.

அந்தச் சூட்டோடு தங்களுக்கு அந்த ஒரு வரியை எழுதி, தெருமுனையில் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். தங்கள் தங்கையிடமும் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமலே, "எம் பொண்ணு அப்படிப் பேச மாட்டா. உங்க காதுல என்ன விழுந்துச்சோ. எங்க அண்ணன் மாதிரி ஆயிட்டீங்களா?" என்று கேட்டாள். (இதைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. விருந்தாளி என்று தெரிந்த பிறகு விருந்தாளியாக நடந்துகொள்வதுதான் மரியாதை என்று முடிவு செய்தேன். மறுநாளிலிருந்து சமையலறைக் கதவைத் தட்டிவிட்டு நுழைந்தேன். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டேன். மாப்பிள்ளை ஹாலுக்கு வந்தால் எழுந்து நின்றேன். அவரும் பதறிப்போய் நின்றார். நான் உட்காரும்வரை அவர் உட்காரவில்லை, அவர் உட்காரும்வரை நான் உட்காரவில்லை. ஒரு நாள் இருபது நிமிடம் இருவரும் நின்றுகொண்டே செய்தி பார்த்தோம். சூப்பைப் பொறுத்தவரை ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டேன். மகள் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "அப்பா, உடம்புக்கு என்ன?" என்றாள். "ஒன்றுமில்லை, தங்கள் அன்புக்கு நன்றி" என்றேன். அவள் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள். அந்த வாரத்திலேயே எங்கள் துணிகளையெல்லாம் சூட்கேசில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இதற்கிடையில் இருவரும் ஆபீசிலிருந்து ஆளுக்கு ஒரு பழைய சர்வரைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசைக்கு அடியில் வைத்தார்கள். இடது பக்கம் மகளுடையது, வலது பக்கம் மாப்பிள்ளையுடையது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுவதுபோல் பொய்யாக ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிட்டு, யாருடைய மெஷின் தாங்குகிறது என்று இராப்பகலாகச் சோதனை. சாப்பிடும்போது நாலு பேர் காலுக்கு நடுவிலும் அந்த இரண்டு பெட்டிகள். ஜெயிக்கிற வழிக்குத்தான் அந்தச் சனிக்கிழமை. அந்த வழியைச் சொன்னவர்தான் அணிக்குத் தலைமை. அதனால் சாப்பாட்டு நேரத்தில் "உப்பை இப்படித் தள்ளுங்க" என்பதற்கு மேல் வீட்டில் பேச்சே இல்லை. இதையும் நான் பிரிவின் அறிகுறி என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுவாரம் புதன்கிழமை இருவரும் ஆபீசுக்கும், தங்கள் தங்கை கடைக்கும் போயிருந்தார்கள். மத்தியானம் நான் தனியாக மேசையில் உட்கார்ந்திருக்கும்போது இடது பக்கப் பெட்டி முனக ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும், மச்சான். முப்பத்தொரு வருடம் கேட்ட சத்தம். ஃபேன் பேரிங் காய்ந்துபோய் அழுகிறது. கிளம்புவதற்கு முன் பெற்ற பெண்ணுக்கு ஒரு உபகாரமாவது செய்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். மின்சாரத்தைத் துண்டிக்காமல் எந்த இயந்திரத்திலும் நான் கை வைத்ததில்லை. எனவே முறைப்படி பிளக்கைப் பிடுங்கினேன். அந்த ஒரே பிளக்கில் இரண்டு பெட்டியும் இருந்தன. மூடியைக் கழற்றி, தையல் மெஷின் எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு விட்டு, விரலால் இரண்டு சுற்றுச் சுற்றி, மூடி மாட்டி, பிளக்கைச் செருகினேன். இரண்டும் உயிர் வந்து ஓடின. முனகல் போயே போச்சு. கைகழுவிவிட்டுத் தேநீர் போட்டேன். அனுமதி கேட்க வீட்டில் யாரும் இல்லை.

ஐந்து மணிக்கு வந்தார்கள். ஆளுக்கொரு மடிக்கணினியைத் திறந்தார்கள். ஒரே நேரத்தில் இருவர் முகமும் வெளுத்தது.

"நான் மாத்தினது ஒண்ணுமே இல்ல. எல்லாம் பழைய மாதிரியே இருக்கு" என்றாள் மகள்.

"கெஸ்ட் ஒண்ணுகூட உயிரோட இல்ல. அஞ்சும் போச்சு" என்றார் மாப்பிள்ளை.

உயிரோடு இல்லை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவருகே நின்று எண்ணிப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேர்தான். ஐந்து எங்கிருந்து வந்தது? என்றாலும் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேசை இழுத்துக்கொண்டு வந்து ஹால் நடுவில் வைத்தேன்.

"மாப்பிள்ளை, எங்களைத் தூக்கி மாத்த வேண்டாம். நாங்களே போயிடறோம். நாங்க கெஸ்ட்டுங்கறது எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவர் என்னைப் பார்த்தார், சூட்கேசைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். "மாமா, என்ன சொல்றீங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு, சூப், பிளக், பேரிங், எண்ணெய் எல்லாம். சொல்லச் சொல்ல மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்கு மேலே கண்ணில் தண்ணீர் நின்றது; சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருந்திருக்கிறது. "கெஸ்ட்டுன்னா அந்தப் பெட்டிக்குள்ள ஓடற மெஷின்ப்பா" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் புகார் நீங்க எழுதினதுன்னு மொத வரியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லலை. அம்மாவோட கண்ணை நான்தான் பூட்டி வச்சிருக்கேன்னு தோணிச்சு. அதுலேர்ந்து எனக்குச் சாப்பாடே இறங்கலப்பா."

மாப்பிள்ளை சூட்கேசைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்குப் போனார். எட்டிப் பார்த்தேன். என் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மடிக்கத் தெரியாத மனிதர். எல்லாச் சட்டையும் கசங்கிப்போயிற்று. இன்றுவரை நான் ஒன்றையும் இஸ்திரி போடவில்லை.

திரும்பி வந்து பெட்டிகளுக்கு எதிரில் உட்கார்ந்தவர், தலையைச் சொறிந்தார். "தப்பு மாமா மேல இல்ல. பெரிய மெஷின் எழுந்ததும் இந்த அஞ்சும் தானா எழுந்திரிக்கணும்னு நான் சொல்லி வைக்கவே இல்ல."

"நானும்தான். மாத்தினதை வாயால சொன்ன மாதிரி சொல்லிட்டு விட்டுட்டேன். ஃபைல்ல எழுதி வைக்கலை. அணைஞ்சு எழுந்ததும் எல்லாத்தையும் மறந்துபோச்சு" என்றாள் மகள்.

மருத்துவமனையில் ஒரே ஒரு தடவை மின்சாரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து நாளில் அவர்கள் அப்படிப் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மீதி இருந்தது வியாழக்கிழமை ஒரே ஒரு நாள். எப்படியும் எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும், ஆளுக்கு ஆள் பெட்டியை மாற்றிக்கொள்வோம், அடுத்தவர் வேலையில் ஓட்டை கண்டுபிடிப்பதும் சுலபம் என்று மகள்தான் சொன்னாள். நோக்கம் அவ்வளவு நல்ல நோக்கமில்லை என்பது எனக்கே தெரிந்தது. அவள் வலது பெட்டியில் ஐந்து மெஷின்களை எழுப்பினாள், அவர் இடது பெட்டியில் கெர்னல் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார். சாயங்காலம்வரை இரண்டு பேரும் "ஹும்" என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்த "ஹும்" போகப்போக மாறிக்கொண்டே வந்தது. முதலில் கேலி "ஹும்". பிறகு சந்தேக "ஹும்". கடைசியில், பக்கத்து வீட்டுத் தோட்டத்தைப் பார்த்து நாம் போடுவோமே, அந்த "ஹும்".

வெள்ளிக்கிழமை மேலாளர் முன்னால் நடந்ததை மகள் சொல்லித்தான் கேட்டேன். முதலில் இவள் எழுந்து, "பிரிக்கறதுதான் சரி. ரிப்போர்ட் மெஷினை வேணும்னே சாகடிச்சுப் பாத்தேன், முன்பதிவு அசையவே இல்ல" என்றாளாம். அடுத்து மாப்பிள்ளை எழுந்து, "பிரிக்கவே வேணாம். வாசல்ல நூத்தி இருபத்தெட்டுப் பேருக்கு மேல நின்னாத் திருப்பி அனுப்பிடுன்னு கெர்னல்ல பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. அதையும் சேத்து மூணு வரி மாத்தினேன், ஆயிரம் பேரும் உள்ள வந்துட்டாங்க" என்றாராம். மேலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றி, "ரெண்டு பேரும் ஃபைலை மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாராம். இல்லையென்றதும், "பத்து நாளா இந்தச் சண்டைக்கு நடுவுல நான் உக்காந்திருந்தேன். இப்ப எதிர்ப்பக்கமா உக்காந்து மறுபடி கேக்கணுமா?" என்று சிரித்துவிட்டு முடிவையும் சொன்னாராம். ஒரே ஒரு சனிக்கிழமையில் ஐந்து மெஷின் கட்ட முடியாது. மூன்று வரி மாற்ற முடியும். ஆகவே முதலில் ட்யூனிங், அதை மகள் செய்வாள். பிரிக்கும் வேலை இரண்டு மாதம் கழித்து, மாப்பிள்ளை தலைமையில், அவசரமில்லாமல். போதாக்குறைக்கு, எந்த வேலையையும் மருத்துவமனைக்கு அனுப்புமுன் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்க்க வேண்டும் என்று ஆபீசில் சட்டமே போட்டுவிட்டார்கள். அதற்கு அங்கே "அப்பா டெஸ்ட்" என்று பெயராம். எனக்குப் பெருமைப்படுவதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே மருத்துவமனைக்குப் போய், மகள் மூன்று வரியையும் மாற்றி, ஃபைலிலும் எழுதி, அணைத்து, எழுப்பி, சரிபார்த்துவிட்டு வந்தார்கள். இன்று திங்கட்கிழமை. காலை ஏழு ஐம்பதுக்கு முகம் கழுவி, கசங்கின சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். மகள் என் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது. எட்டு மணி. பொத்தானை அமுக்கினேன். வட்டம் அரைச் சுற்றுச் சுற்றியது, நின்றது, தேதிகளெல்லாம் வரிசையாக வந்து நின்றன! எட்டு இரண்டுக்கு "உங்கள் பதிவு உறுதி செய்யப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வந்துவிட்டது. மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மகள் சமையலறைக்குப் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கண் துடைத்துக்கொண்டு வந்து, "பசிக்குதுப்பா" என்றாள். மூன்று முட்டை ஆம்லெட் சாப்பிட்டாள். ஆக, தங்கள் தங்கையின் கண்ணுக்கு ஒன்பதாம் தேதி பத்தரை மணிக்கு டாக்டரைப் பார்க்கிறோம். இவ்வளவையும் நானே முன்நின்று, பதற்றமே இல்லாமல், பிழையே இல்லாமல் முடித்துவிட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். எனவே தாங்கள் முழங்காலை வருத்திக்கொண்டு வர வேண்டிய அவசியம் இல்லை.

தாங்களும் தங்கள் இல்லத்தார் அனைவரும் நோய்நொடி இல்லாமல், செவிப்புலன் சிறந்து, நெடுங்காலம் எங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று மனதார விரும்பும்,

தங்கள் அன்புள்ள
மச்சான்

பின்குறிப்பு: அண்ணா, செவ்வாய்க்கிழமை காலை இதை எழுதுவது நான். எழுத்து கோணலாக இருக்கும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன். உறையை ஒட்டக் கொடுத்துவிட்டு இவர் குளிக்கப் போயிருக்கிறார். நேற்று பதிவுச் சீட்டை மகள் அச்சடித்துக் கொண்டுவந்தாள். அதை வாங்கி, நல்ல கண்ணால் படித்துப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி பத்தரை மணி எல்லாம் சரிதான். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் இவர் பெயர் இருக்கிறது. புரை: இடது கண். பதற்றமே இல்லாமல் தனக்குத்தானே பதிவு செய்துகொண்டிருக்கிறார். நான் சொல்லவில்லை, சந்தோஷமாக இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன். இன்று காலை எட்டு மணிக்கு நானே உட்கார்ந்து அமுக்கினேன். எட்டு ஒன்றுக்கே கிடைத்துவிட்டது, பதினொன்றாம் தேதி, என் பெயரில்தான், நாலு தடவை படித்துப் பார்த்தேன். பெண் கெட்டிக்காரி அண்ணா. இவருடைய ஒன்பதாம் தேதியை ரத்து செய்யவில்லை. என் பெயருக்கும் தன் பெயருக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷர், எதற்கும் ஒரு தடவை கண்ணைக் காட்டிக்கொண்டு வரட்டும். நீ பெட்டியை அவிழ்க்காதே. பத்தாம் தேதிக்குள் வந்துவிடு. ஆபரேஷன் முடிந்து கண் கட்டை அவிழ்த்ததும் உன்னை இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும்.